செத்த வயர்

வயர்மேன் வீட்டில் தையல் மிஷின் ஓயவே இல்லை. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து வயர்மேன் மனைவிக்கு இரண்டு இடம்தான். ஒன்று வார்டில் தம்பியின் கட்டிலோரம், இன்னொன்று வீட்டில் மிஷின் முன்னால். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக் கொடுப்பது அவள் தொழில். நிதானமாக மிதிக்கிறவள் இப்போது ஊசி ஒடிய ஒடிய மிதித்தாள். சண்டை போடத் தெரியாதவள் இல்லை. புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அந்த மூச்சிலேயே டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற ரகம். இந்தத் தடவை அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இதை எப்படித் தாங்குவது என்று தெரியாமல் மனுஷன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு. எனக்குப் பாத்திரம் கழுவணும்."

மகளிடம்தான் சொன்னாள். அப்பா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார்.

"பசிக்கலைன்னு சொல்லும்மா" என்றார் அவர்.

"பசிக்கலையாம்மா."

"எப்படிப் பசிக்கும்? என் தம்பியோட கையைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்காருல்ல. வயிறு நிறைஞ்சுதான் இருக்கும்."

"அம்மா!"

"என்னடி அம்மா? அவன் அந்த மணியை நம்பித்தானே கையுறையைக் கழட்டினான்? அத்தான் போட்ட மணி, அத்தான் போட்ட மணின்னு எத்தனை தடவை பெருமை பேசியிருப்பான். உங்கப்பா போட்ட லட்சணத்துக்கு மணியே இல்லாம இருந்திருந்தா, கையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடியாவது இருப்பான்."

வயர்மேன் வலது கையின் இரண்டு விரல்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பார்த்துக்கொண்டார். எழுந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். "வயர் ஜாயிண்ட் விட்டிருக்காது" என்று தனக்குத்தானே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "விட்டுத்தான் இருக்கும். இல்லாட்டி எப்படி?" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் கம்பெனிப் பக்கம் தலை காட்ட வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜாயிண்ட் விடவில்லை என்று மகளுக்குத் தெரியும். விடுவதற்கு அங்கே வயரே இல்லை. அதை வெட்டி எடுத்தது அவள் கை. வாயைத் திறந்து சொன்னால் அப்பா தலைமேல் இருக்கிற பாரம் இறங்கும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

குளிர்க்கிடங்கு என்றால் பெரிய ஃப்ரிட்ஜ் என்று நினைக்கிறவர்கள் அதற்குள் போய் வராதவர்கள். உள்ளே போனதும் மூக்கு மயிர் விறைக்கும். விட்ட மூச்சு மீசையில் ஒட்டிக்கொள்ளும். ஊரார் தின்னப்போகிற பட்டாணியும் இறாலும் ஐஸ்கிரீமும் கூரை வரைக்கும் பெட்டி பெட்டியாக நிற்க, மேலே ராட்சச மின்விசிறிகள் குளிரை வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். கதவு சுவர் கனம். உள்ளேயிருந்து திறக்க ஒரு நெம்புகோல் உண்டு. ஆனால் அது பனி கட்டி இறுகிப்போகும். அதனால் கதவோரம் ஒரு சிவப்புப் பட்டன் வைத்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவன் அதை அமுக்கினால் ஆபீஸ் வராந்தாவில் மணி அடிக்கும்.

அந்த மணியின் வயரை எலி கடித்துவிட்டது. புது வயர் கேட்டதற்கு மேனேஜர், "மேல சொல்லியிருக்கேன்" என்றார். அவருக்கு மேலே இருப்பவர் யாரென்று யாரும் பார்த்ததில்லை. உள்ளே போகிறவன் தன் மச்சான், மனைவியின் கூடப் பிறந்தவன், தன் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறவன் என்கிறபோது வயர்மேன் எத்தனை நாள் காத்திருப்பார்? கிடங்குக்குள் முன்பு எடை பார்க்க ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் தூக்கிவிட்டார்கள். அதன் வயர் மட்டும் ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர் அலமாரி வரைக்கும் சும்மா கிடந்தது. உள்ளே எட்டு இழை. வயர்மேன் இரண்டு இழையை எடுத்து ஒரு முனையைப் பட்டனில் மாட்டினார். மறு முனையின் பிளக்கை வெட்டிவிட்டு, அலமாரிக்குள்ளேயே மணியின் வயரோடு முறுக்கிவிட்டார். மணி கணீரென்று அடித்தது. மச்சானைத் தவிர யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கழற்றச் சொல்வார்கள். புது வயர் வருகிற வரைக்கும்தானே என்று நினைத்தார். மணிதான் அடிக்கிறதே, இனி எதற்கு என்று புது வயரை எல்லோரும் மறந்துபோனார்கள். கடைசியில் அவரும் மறந்தார்.

மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கிறாள். கடைசி வருஷத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு கம்பெனிக்குப் போய், அங்கிருக்கும் பழைய நெட்வொர்க்கைப் புதிதாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். குளிர்க்கிடங்கின் பெயரைச் சொன்னது அவள்தான். வாத்தியார் பேசினார். கைக்காசு செலவில்லாமல் ஆபீஸ் பளபளக்கப் போகிறது என்றதும் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். வேலையை விடுமுறை நாளில் வைத்துக்கொள்வதாக முடிவானது. அன்றைக்கு வயர்மேனுக்கு மட்டும் விடுமுறை இல்லை. மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

"அப்பா, நாங்க வர்ற அன்னிக்கு நீங்க ஆபீஸ் பக்கம் வராதீங்க" என்றாள் மகள், அதற்கு முன்தினம்.

"ஏன் கண்ணு?"

"சும்மாதான். நீங்க பேச ஆரம்பிச்சா வேலை ஓடாது."

"நான் பேசினா ஊரே வேலையை விட்டுட்டு நிக்கும்ங்கற" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் மாறியது. "சரி. வரலை. எதிர்ல பார்த்தாலும் தெரியாத மாதிரி போயிடறேன். போதுமா?"

போதும் என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள்.

அந்த மனுஷனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முற்றத்தில் ஏணியோடு போய்க்கொண்டிருந்தவரை, மாணவர்களில் உயரமான பையன், கேப்டன் என்று மற்றவர்கள் கூப்பிடுகிறவன், கை தட்டி அழைத்தான். "அண்ணே, அந்த ஏணியைக் கொஞ்சம் தர்றீங்களா?" அவர் வந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்தார். ஆடுகிறதா என்று ஒரு தரம் அசைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்க்காமலே போய்விட்டார். "தேங்க்ஸ்ணே" என்று கேப்டன் அவர் முதுகுக்குச் சொன்னான்.

பழைய அலமாரியைத் திறந்தபோது வயர்கள் சோற்றுப் பானை பொங்குவது போல வெளியே வழிந்தன. நாலு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கேப்டனுக்கு ஒரு சட்டம் உண்டு. வயரை நெட்வொர்க் பெட்டியில் சொருகினால் விளக்கில் வெளிச்சம் வர வேண்டும். வராத வயர் செத்த வயர். வெட்டி எடு. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, பாடத்திலும் அப்படித்தான் இருந்தது. மதியத்துக்குள் செத்த வயர்கள் ஒரு சாக்கு நிறைந்துவிட்டன.

அலமாரியின் மூலையில் பிளக் இல்லாத வயர் ஒன்று சாதாரண மெல்லிய வயரோடு முறுக்கிக் கிடந்தது. முறுக்கிய இடத்தில் ஈரம் இறங்காமல் இருக்க, நீல நிறப் பேனா மூடி ஒன்றைக் கவிழ்த்து டேப் சுற்றியிருந்தது.

"டேய், இங்க பாருங்கடா! பேனாவுக்குள்ள இன்டர்நெட் விட்டிருக்கான் எவனோ" என்றான் கேப்டன்.

"மை போட்டாத்தான் ஓடும் போல" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மூடி அவள் பள்ளிக்கூடத்தில் எழுதிய பேனாவினுடையது. மேலே அவள் கடித்த பல் தடம்கூட இருந்தது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா பின்கட்டில் மிஷின் ரூமில்தான் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்து, இது மணிக்குப் போகிற வயர் என்று சொல்லியிருப்பார். கூப்பிட்டால் அவர்தான் அப்பா என்பதும், இந்தப் பேனா மூடி வேலை அவருடையது என்பதும் தெரிந்துவிடும். யாரும் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று அவள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டரை எடுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் தாய்மாமா பெட்டிகளை எண்ணக் கிடங்குக்குள் போனான். கூடப் போக வேண்டியவன் லாரிக்காரனோடு வாய்ச்சண்டையில் இருந்தான். சண்டை முடிந்து வந்தவன், உள்ளே இருந்தவன் முன்னாலேயே வெளியே போயிருப்பான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். உள்ளே நெம்புகோல் மாமாவுக்கு அசைந்து கொடுக்கவில்லை. பட்டனை அமுக்கினான். யாரும் வரவில்லை. அமுக்கிக்கொண்டே நின்றான். கையுறை தடிமனாக இருப்பதால் பட்டன் சரியாக அமுங்கவில்லை என்று தோன்றி, கையுறையைக் கழற்றி வெறும் விரலால் அமுக்கினான். அத்தான் போட்ட மணி அடிக்காமல் போகும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. பிறகு வெறும் கையால் இரும்புக் கதவைத் தட்டினான். மதியம் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று தேடி வந்து கதவைத் திறந்தவர் வயர்மேன்தான். மச்சானைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவரும் அவர்தான்.

பேச்சில்லாத அந்த வீட்டிலிருந்து புறப்பட்டுக் கல்லூரிக்குப் போன மகள், நேராக வாத்தியார் அறைக்குப் போனாள். மற்ற மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். புது அலமாரியின் படத்தைத் திரையில் போட்டு மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். படத்தில் வயர்கள் தலை வாரிப் பின்னல் போட்ட மாதிரி இருந்தன.

"சார், நாம எடுத்துப் போட்ட வயர்ல ஒண்ணு கிடங்கு மணியோடது."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம வரைபடத்துல மணி இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அது நம்ம வேலையில வராதும்மா. இருக்குன்னு கம்பெனி நமக்குச் சொல்லலை. நெட்வொர்க் வயர்ல மணி போட்டது யார் தப்பு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளியிலேர்ந்து ப்ராஜெக்ட் பார்க்க ஆள் வரப் போறாங்க. இப்ப இதைக் கிளப்பினா நாலு பேர் படிப்பும் அந்தரத்துல நிக்கும். உனக்கு மனசு கஷ்டமா இருக்கும், புரியுது. அடிபட்டவர் உனக்குத் தெரிஞ்சவரா?"

"என் தாய்மாமா சார்."

கேப்டன் நிமிர்ந்தான். "உன் மாமாவா? சொல்லவே இல்லையே?"

"மணியைப் போட்டவர் எங்கப்பா. அன்னிக்கு ஏணி குடுத்தாரே, அவர்தான்."

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். கேப்டன், "நாம வெட்டினது வயரைத்தானே, மணியை இல்லையே" என்று முனகினான். அவன் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தான். பாவம், அவனும் சின்னப் பையன்தான்.

அங்கிருந்து கம்பெனிக்குப் போனாள். மேனேஜர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "இப்பத்தான் எனக்குப் புரியுது. யாரையும் கேட்காம கம்ப்யூட்டர் வயர்ல மணி போட்டது உங்கப்பா. அதை நீயே உன் வாயால சொல்லிட்ட. நீங்க செத்த வயர்னு நினைச்சு எடுத்ததுல தப்பே இல்லம்மா. உங்க வேலை பிரமாதம்" என்றார். வயர்மேனுக்கு இனி இங்கே வேலை இல்லை என்பதையும் அதே பதவிசான குரலில் சொன்னார். அப்பாவைக் காப்பாற்றப் போனவள் அவர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது.

வார்டில் மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் தலையணை உறை போலக் கட்டு. வயர்மேன் ரொட்டியைப் பாலில் தோய்த்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து ஊட்டுவது அவர்தான். அக்கா ஊட்டினால் அழுதுவிடுகிறாள் என்று அவனே அவரைக் கேட்டுக்கொண்டான். மனம் என்னவாக இருந்தாலும் அவர் கை ஆடாது. ஒரு சொட்டுப் பால் கீழே சிந்தாது. மனைவி கட்டிலின் மறுபக்கம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"வாங்க இன்ஜினியரம்மா" என்றான் மாமா. "டாக்டர் வந்துட்டுப் போனார். வலது கையில கட்டை விரல் மட்டும்தான் நிக்குமாம். நல்லதாப் போச்சு. உங்க மாமன் கைநாட்டுதானே, அது ஒண்ணு போதும்."

யாரும் சிரிக்கவில்லை. மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அப்பா போட்ட ஜாயிண்ட் விடலை. அந்த வயரை நான்தான் வெட்டினேன்."

ரொட்டி பிடித்த கை வழியிலேயே நின்றது. மாமா அத்தானைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்னம்மா சொல்ற?"

"ப்ராஜெக்ட்டுக்குப் போனோமே, அன்னிக்கு. அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது."

"தெரியாமப் பண்ணிட்ட" என்றான் அவன், அவசரமாக, அவளுக்குக் கை கொடுக்கிறவன் போல. "என்ன வயர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மணி வயர்னு தெரியாது மாமா. அப்பா போட்டதுன்னு தெரியும். பார்த்ததுமே தெரிஞ்சுது."

"அப்ப ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாமே? அங்கதானே இருந்தாரு?"

"கேட்டா அவர்தான் எங்கப்பான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பினாள். எழுந்து வந்து மகளை ஓங்கி ஒரு அறை விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். இன்னொரு அறைக்குக் கையை ஓங்கியவள், அதைக் கீழே போட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க" என்றாள். "நீங்க ஒரு வாய் சாப்பிட்டீங்களா?"

"விடு. சாப்பிட்டுக்கலாம்" என்றார் வயர்மேன்.

"என் வாயில புத்து வைக்க. எவ்வளவு பேசிட்டேன் உங்களை."

"விடுன்னு சொல்றேன்ல. மாப்ளைக்குத் தண்ணி குடு." மகளின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார்.

வராந்தாவில் பெஞ்சு காலியாக இருந்தது. அவள் கன்னத்தில் விரல் பதிந்திருந்ததை அவர் பார்த்தார். மேனேஜரிடம் போனதையும் வேலை போனதையும் அவள் சொன்னாள். அவர், "போகட்டும். அந்தாள் எப்படியும் யார் தலையிலாவது கட்டத்தான் போறாரு" என்றார். நடந்ததில் பாதியை எப்படியாவது தன் பங்காக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல, தானே பேச ஆரம்பித்தார்.

"உன் மேல மட்டும் இல்லம்மா. நானும் சொல்லியிருக்கணும். மூலையில ஒரு வயர் இருக்கு, அதைத் தொட வேண்டாம்னு சொல்லணும்னு நினைச்சேன். உன்கிட்ட வரமாட்டேன்னு சொல்லியிருந்தேன்ல, அதனால யோசனையா இருந்துச்சு. அப்புறம் மனசு கேக்காம கதவு வரைக்கும் வந்தேன்."

"எப்பப்பா?"

"மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. உள்ள எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அத்தனை பேர் சிரிப்புலயும் உன் சிரிப்புதான் தனியாக் கேட்டுச்சு. நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. படிப்பு படிப்புன்னு எப்பவும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே இருப்பியா. பிள்ளை சந்தோஷமா இருக்கா, நடுவுல போய் ஏன் நிக்கணும்னு திரும்பிட்டேன்."

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படி என்னத்துக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நடுவே நல்லதாக ஏதாவது ஒன்று அவர் காதில் விழ வேண்டியிருந்தது.

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கேப்டன் ஏணியிலிருந்து வழுக்கிவிட்டான் என்று சொன்னால் நம்பியிருப்பார். அன்று காலையிலிருந்து உண்மையைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது பழகிவிட்டிருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

"நீங்க போட்ட ஜாயிண்ட்டைப் பார்த்துத்தான்ப்பா" என்றாள். "அந்தப் பேனா மூடியைப் பார்த்து."

வயர்மேன் தலையாட்டினார். "அது சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அது சரி" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வார்டுக்குள் போனார். மிச்ச ரொட்டியைப் பிய்த்துப் பாலில் தோய்த்து மச்சானின் வாயருகே கொண்டுபோனார். பால் அவன் மோவாயிலும் கட்டுப் போட்ட கையிலும் சிந்தியது.

"என்ன அத்தான்" என்றான் மச்சான். "உங்க கை ஏன் இப்படி ஆடுது?"